தென்மலை அணைக்கரையில் கை கொடுத்த தம்பிக்கு நன்றி

ஞாயிறு மதியம் சாப்பிட்ட கையோடு, திடீரென்று எல்லோரும் கேரளத்தின் தென்மலை பரப்பாறு அணைக்குக் கிளம்பினோம். படியில் அம்மாவுக்குக் கால் பிசகிவிட்டது. வங்காளத்திலிருந்து இங்கே கட்டட வேலைக்கு வந்த ஒரு தம்பி ஓடிவந்தார். கழுத்தில் கிடந்த துண்டை நனைத்து, கணுக்காலைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். அரைகுறை மலையாளத்தில் அம்மாவுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே ஆட்டோ வரை கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். காசு நீட்டினால் வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார்.

1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் இலங்கைத் தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தது. யாரையும் கேட்டுச் செய்யவில்லை. அப்படி வந்து புனலூர் பக்கம் ரப்பர் பால் வெட்டியவர்தான் என் தாத்தா. அவரையும் வந்தேறி என்றார்கள். இன்று வங்காளிகளை அப்படிப் பேசினால் எனக்குப் பொறுக்கவில்லை.

தம்பி, அம்மா இப்போது நன்றாக நடக்கிறார். உங்களுக்கு எங்கள் வீட்டார் அத்தனை பேருடைய நன்றியும்.