கட்டர் பற்றவைக்கும் முன்: கடலோரப் பழைய இரும்புக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொண்டி, தேவிபட்டினம் தொடங்கி மண்டபம் வரைக்கும், இந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரைக்கும் பழைய இரும்புக் கடை நடத்தும் அண்ணன்மாருக்கும் பாய்மாருக்கும் வணக்கம்.

உங்கள் பிழைப்பில் கை வைக்க இதை எழுதவில்லை. கேட்பது ஒன்றுதான். ராணுவம் இனி உதவாது என்று கண்டம் செய்து ஏலம் விட்ட லாரியோ ஜீப்போ உங்கள் கடைக்கு வந்தால், வெட்டுவதற்கு முன், பழைய படை வண்டி சேர்க்கும் எங்களைப் போன்ற ஆட்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எடைக்கு என்ன விலையோ அதற்கு மேலேயே தருகிறோம்.

எது ராணுவ வண்டி என்று தெரிந்தால்தானே சொல்ல முடியும் என்பீர்கள். நியாயம்தான். பச்சைப் பெயின்டைத் தேடிப் பயனில்லை. ராணுவத்தைத் தவிர யாரும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்பது மோட்டார் வாகன விதி. அதனால் ஏலத்தில் எடுத்தவர் முதல் வேலையாக நீலமோ மஞ்சளோ அடித்திருப்பார். பானட்டின் பக்கவாட்டிலோ முன் பம்பரிலோ உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரால் மெல்லத் தேய்த்துப் பாருங்கள். நீலம் போகும், அதன் கீழே பிரைமர் போகும், அப்புறம் பச்சை வரும். பம்பர் என்றால் அதோடு நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் தேயுங்கள்; அதிர்ஷ்டம் இருந்தால் வெள்ளை எழுத்து தெரியும். மேல்நோக்கி நிற்கும் அம்புக்குறி, ஆண்டைக் குறிக்கும் இரண்டு எண், ஓர் ஆங்கில எழுத்து, வரிசை எண், கடைசியில் இன்னோர் எழுத்து. அம்புக்கு அடுத்து 78 என்று இருந்தால் ராணுவம் 1978-ல் எடுத்த வண்டி.

பெயின்ட் சுத்தமாகப் போயிருந்தால் கீழே குனிந்து பாருங்கள். முன் ஆக்சிலிலும் டிஃபரன்ஷியல் உருண்டை இருக்கும். கேபினுக்குள் வழக்கமான கியர் ராடு போக, நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கத் தனி ராடு நிற்கும். பின்னால் பீரங்கியோ டிரெய்லரோ மாட்டுவதற்குக் கனமான கொக்கி. இவை மூன்றும் சேர்ந்திருந்தால் கட்டரைக் கீழே வையுங்கள்.

நாங்கள் அதிகம் தேடுவது சக்திமான் லாரி. எம்.ஏ.என். என்ற ஜெர்மன் நிறுவனத்தின் உரிமத்தில் ஜபல்பூரில் 1959-ல் தொடங்கி 1996 வரை செய்தார்கள். 65 போரும் 71 போரும் பார்த்த வண்டி. அடுத்தது நிசான் ஒன் டன் என்ற சின்ன லாரி, அதோடு ஜோங்கா என்ற ஜீப். இரண்டுக்கும் ஒரே குடும்பத்து நாலு லிட்டர் பெட்ரோல் எஞ்சின் என்பதால் செத்த ஒன் டன்னின் எஞ்சின் சாமான் ஓடுகிற ஜோங்காவுக்கு உயிர் கொடுக்கும். ஸ்டாலியன் லாரி வந்தால் தாராளமாக வெட்டுங்கள். அது அசோக் லேலண்ட் வண்டி, சாமானுக்குப் பஞ்சமில்லை, இன்னும் படையிலேயே ஓடுகிறது. அதையும் சேர்க்க வேண்டும் என்று சண்டைக்கு வரும் நண்பர்கள் உண்டு. அவர்களுக்கு நிறுத்த இடம் இருக்கிறது, எனக்கு இல்லை.

நம் கடற்கரைக்கு இந்த வண்டிகள் ஒத்துப்போனது மணலால். ராமேசுவரம் தீவில் முகுந்தராயர் சத்திரத்துக்கு அந்தப் பக்கம் தார் ரோடு இல்லாத காலத்தில், தனுஷ்கோடிக்கு மணலிலும் தண்ணீரிலும் போக நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிதான் வேண்டும். டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டு புதையாமல் போவார்கள். 2017-ல் அரிச்சல்முனை வரை ரோடு திறந்ததும் அந்தத் தொழில் முடிந்தது. வேலையில்லாத வண்டி எங்கே வரும்? உங்களிடம்தான்.

மணலைவிட உப்புதான் இவற்றைத் தின்கிறது. மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர் பாடிப் பலகை இடுக்கில் இறங்கி, சேஸியில் இரண்டு தகடு சேர்த்து அறைந்த இடத்தில் தங்கிவிடும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே தகடு வீங்கி ஏடு ஏடாகப் பிரிந்திருக்கும். சுத்தியலால் தட்டினால் ணங்கென்று கேட்க வேண்டும். டொப்பென்றால் சேஸி போச்சு. அப்படிப் போனதை வெட்டுங்கள், வருத்தமில்லை. ஆனால் ஆக்சில், டிரான்ஸ்பர் கேஸ் (முன் சக்கரத்துக்கும் இழுவை பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி), கண்ணாடி ஃபிரேம், டாஷ்போர்டு மீட்டர் இவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். நல்ல சேஸியாக இருந்து உடனே யாரும் வரவில்லை என்றால் கடல் காற்றுக்கு மறைவாக, செங்கல்லின் மேல் நிறுத்தி, அடியில் பழைய ஆயில் பூசி விடுங்கள். மழைக்காலத்தைத் தாண்டிவிடும்.

உங்கள் பையன்கள் பத்திரம் என்பதற்காக ஒன்று. சில படை வண்டிகளின் ரிம் இரண்டு துண்டாக, சுற்றிலும் நட்டு போட்டு இறுக்கியது. காற்று இருக்கும்போது அந்த நட்டைக் கழற்றினால் ரிம் தெறித்து ஆளையே கொல்லும். முதலில் வால்வு ஊசியைப் பிடுங்கி, காற்று முழுக்கப் போன பிறகே ஸ்பேனர் வையுங்கள். டீசல் டாங்க் பக்கம் கட்டர் கொண்டுபோகக் கூடாது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

போன வருஷம் ஒரு கடையில் ஒன் டன் நிற்பதாகக் கேள்விப்பட்டு ஓடினேன். வண்டி முழுதாக நின்றது, டாஷ்போர்டில் வண்டி விவரம் பொறித்த நேம் பிளேட்டை மட்டும் காணோம். யாரோ ஷோகேஸில் வைக்க வாங்கிப் போய்விட்டார்களாம். பிளேட் மட்டும் வாங்கும் ஆட்களை எனக்குப் பிடிக்காது. அந்தப் பிளேட்டும் சேஸி நம்பரும் ஏலக் காகிதமும் ஒத்துப்போனால்தான் வண்டிக்கு ஒரு வரலாறு, ஆர்.டி.ஓ. ஆபீஸில் பேச ஒரு வாய். படை வண்டிகளின் பதிவு ஆர்.டி.ஓ.விடம் இருக்காது, ராணுவமே வைத்திருக்கும். எனவே எம்.எஸ்.டி.சி. என்ற மத்திய அரசு நிறுவனம் நடத்தும் ஏலத்தில் கொடுத்த விற்பனைக் கடிதம் தொலைந்தால் வண்டி வெறும் இரும்புதான். 2021-ல் வந்த வின்டேஜ் விதியில் 50 வருஷம் தாண்டிய சொந்த உபயோக வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டித் தனிப் பதிவு வாங்கலாம். லோடு லாரிக்கு அது உதவாது, ஜோங்காவுக்கு வாய்ப்புண்டு. அதற்கும் காகிதம் வேண்டும்.

ஆகவே வண்டி வந்தால் போட்டோ மூன்று போதும்: முன்பக்கம், நேம் பிளேட், சேஸி நம்பர். கிரேனும் லாரி வாடகையும் எங்கள் செலவு. பேட்டரியையும் டயரையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பேரம் பேச மாட்டோம்.

இப்படிக்கு,
பழைய படை வண்டி சேர்க்கும் ராமநாதபுரத்துக்காரன்