எங்குரிப் பாலத்தின் இரு கரையாருக்காக: ஜெனீவாப் பேச்சுகளின் இணைத்தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐரோப்பிய ஒன்றியம், ஐக்கிய நாடுகள் சபை, ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பு ஆகியவற்றின் சார்பில், ஜோர்ஜியா தொடர்பான ஜெனீவாப் பேச்சுகளுக்குத் தலைமை தாங்கும் மதிப்பிற்குரிய இணைத்தலைவர்களுக்கு,

வணக்கம்.

2008 ஒக்டோபர் 15 அன்று தொடங்கிய உங்கள் பேச்சுகள் 60 சுற்றுகளைத் தாண்டிவிட்டன. ஜோர்ஜிய, ரஷ்ய, அமெரிக்கப் பிரதிநிதிகளும், ஜோர்ஜியாவிலிருந்து பிரிந்து நிற்கும் அப்காசியாவிலிருந்தும் தெற்கு ஒசெத்தியாவிலிருந்தும் வருவோரும் ஓர் அறையில் சேர்ந்து அமரும் இடம் அது ஒன்றே என்பதை நான் அறிவேன். அது நிலைக்க வேண்டும் என்றே விரும்புகிறேன். இடம்பெயர்ந்தவர்களும், பிரிக்கும் கோட்டில் போடப்பட்ட கம்பிவேலியோரத்து ஊர்க்காரரும் தத்தம் வீட்டுக்கும் வயலுக்கும் மருத்துவமனைக்கும் போய்வரும் உரிமையை, அந்த நிலப்பகுதிகள் யாருக்குரியவை என்ற வழக்கிலிருந்து பிரித்து எடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

நான் ஜெனீவாவில் வாழும் ஈழத்தமிழன். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து உடுத்த உடையோடு வெளியேறிய குடும்பம் எங்களுடையது. கால் நூற்றாண்டு முட்கம்பிக்குள் கிடந்த காணியை ஒருநாள் பார்க்க விட்டபோது, கிணற்றுக்கட்டை வைத்துத்தான் வீடு இருந்த இடத்தை அம்மா அடையாளம் கண்டார். ஜோர்ஜியாவின் வரலாறு வேறு, எங்களுடையது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேச வரவில்லை. ஆயினும் தெற்கு ஒசெத்தியாவின் ஓரத்தில் உள்ள குர்வலேத்தி என்ற ஊரில் ஒரு முதியவரின் வீட்டுக்கும் ஊருக்கும் நடுவே கம்பிவேலி போடப்பட்டதையும், வீட்டைவிட்டு வர மறுத்த அவருக்கு ஊரார் கம்பிகளின் இடைவெளி வழியாக உணவும் மருந்தும் நீட்டியதையும் படித்தபோது, அதை வேற்று நாட்டுச் செய்தியாக என்னால் வைத்துவிட முடியவில்லை.

பெரிய நாடுகளைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். 2008 பெப்ரவரி 17 அன்று கொசோவோ செர்பியாவிலிருந்து பிரிந்து தனிநாடாகத் தன்னை அறிவித்தபோது அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளிற் பெரும்பாலானவையும் அதை ஏற்றன. ஆள்புல ஒருமைப்பாட்டின் பெயரால் எதிர்த்த ரஷ்யா, ஆறு மாதங்களில், ஓகஸ்ட் 26 அன்று, அப்காசியாவையும் தெற்கு ஒசெத்தியாவையும் தனிநாடுகளாக ஏற்றது. இடையில் ஏப்ரலில் புக்காரெஸ்டில் கூடிய நேட்டோ, ஜோர்ஜியா என்றோ ஒருநாள் உறுப்பு நாடாகும் என்று வாக்களித்தது. அந்த நாளையும் சொல்லவில்லை, அதுவரைக்குமான பாதுகாப்பையும் தரவில்லை. 2008 ஓகஸ்டில் ஜோர்ஜியாவுக்கும் ரஷ்யாவுக்கும் மூண்ட போரை விசாரிக்க ஐரோப்பிய ஒன்றியம் அமைத்த குழு 2009 செப்டெம்பரில் வெளியிட்ட அறிக்கை, ஓகஸ்ட் 7 இரவு தெற்கு ஒசெத்தியாவின் தலைநகர் ட்ஸ்கின்வாலி மீது ஜோர்ஜியா நடத்திய எறிகணைத் தாக்குதலைச் சர்வதேசச் சட்டத்தின்படி நியாயப்படுத்த முடியாது என்றது. ரஷ்யாவின் பதிலடி தற்காப்பின் வரம்பை வெகுவாக மீறியது என்றும், தெற்கு ஒசெத்தியாவில் ஜோர்ஜியர்கள் இனரீதியாக விரட்டப்பட்டார்கள் என்றும் சொன்னது. ஒவ்வொரு தலைநகரும் தனக்கு உகந்த பாதியை மட்டுமே அந்த அறிக்கையிலிருந்து எடுத்துச் சொல்லிவருகிறது.

அந்தப் பிணக்கின் விலையைக் கொடுத்தவை கண்காணிப்புக் குழுக்கள். 1992 முதல் ஜோர்ஜியாவில் இருந்த ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பின் பணியகம், ரஷ்யா நீடிப்புக்கு இசையாததால் 2008 முடிவோடு மூடப்பட்டது. அப்காசியாவில் 1993 முதல் இருந்த ஐ.நா. கண்காணிப்பாளர்கள், 2009 ஜூன் 15 அன்று பாதுகாப்புச் சபையில் ரஷ்யா தடுப்பு வாக்கைப் பயன்படுத்தியதால் வெளியேறினார்கள். தீர்மானத்தில் அந்த நிலத்தை எப்பெயரால் குறிப்பது என்பதே அங்கு இழுபறியாக இருந்தது. எஞ்சியிருக்கும் ஐரோப்பிய ஒன்றியக் கண்காணிப்பாளர்கள் பிரிக்கும் கோட்டின் ஜோர்ஜியப் பக்கத்தில் மட்டுமே நடமாட விடப்படுகிறார்கள்.

இனி, பிரிந்து நிற்பவர்களின் அச்சத்தையும் பேசத்தான் வேண்டும், அதை மேற்குலகம் போதிய அளவு பேசுவதில்லை. 1992 ஒக்டோபரில் அப்காசியாவின் தலைநகர் சுகுமியில் அப்காசியர்களின் ஆவணக் காப்பகம் ஜோர்ஜியப் படையினரின் கையில் எரிந்தது. யாழ்ப்பாண நூலகத்தின் சாம்பலைக் கேட்டு வளர்ந்த எனக்கு அந்த வடு எத்தகையது என்று எவரும் விளக்க வேண்டியதில்லை. 1989 குடிசன மதிப்பீட்டின்படி அப்காசியாவில் அப்காசியர் 18 விழுக்காட்டுக்கும் குறைவு, ஜோர்ஜியர் ஏறத்தாழ 46 விழுக்காடு. 1992–93 போரில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜோர்ஜியர் துரத்தப்பட்ட பின்னரே அந்தக் கணக்கு மாறியது. அவர்கள் திரும்பினால் சொந்த மண்ணில் மீண்டும் சிறுபான்மையாவோம் என்ற அப்காசியரின் அச்சம் பொய்யன்று. ஒரு சிறிய இனத்தின் தன்னாட்சி விருப்பத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அயலவரின் வீட்டுச் சாவியைப் பிடித்துவைத்துக்கொண்டு பெறும் தன்னாட்சியை என்னால் ஏற்க முடியாது. அச்சத்துக்கு அரசியல் உறுதிப்பாடு வேண்டும். அதற்காக ஒரு மூதாட்டி தன் வீட்டைப் பார்க்காமலே சாக வேண்டியதில்லை.

அப்காசியாவையும் ஜோர்ஜியாவின் மற்றப் பகுதியையும் இணைக்கும் எங்குரி ஆற்றுப் பாலத்தின் நிலையைப் பாருங்கள். ஓய்வூதியத்துக்கும் மருந்துக்குமாகக் அப்காசியாவில் ஜோர்ஜியர் பெரும்பான்மையாக வாழும் காலி மாவட்டத்து மக்கள் கடப்பது அதன் வழியாகத்தான். 2017இல் வேறு கடவைகள் மூடப்பட்ட பின்னர் அதை நம்பியிருப்போர் கூடினர். அதுவும் பெருந்தொற்றைக் காரணங்காட்டி அவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்த 2021 ஏப்ரலில், ஆற்றை இரகசியமாகக் கடக்க முயன்ற நால்வர் மூழ்கி இறந்தார்கள். தெற்கு ஒசெத்தியாவின் ஆகல்கோரியில் 2019 செப்டெம்பரில் கடவை மூடப்பட்டது. அடுத்த மாதமே, நோயுற்ற பெண்ணொருவர் உரிய நேரத்தில் மருத்துவமனை சேர்க்கப்படாமல் உயிரிழந்தார்.

இடம்பெயர்ந்தோர் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், அவர்களின் திரும்பும் உரிமையை வலியுறுத்தும் ஐ.நா. பொதுச்சபையின் ஆண்டுத் தீர்மானத்தைக் காரணங்காட்டி ஒரு தரப்பு, மனிதாபிமான விடயங்களைப் பேசும் உங்கள் இரண்டாம் பணிக்குழுவிலிருந்து எழுந்துபோவது வழக்கமாகிவிட்டது. எழுந்துபோனவர்கள் போகட்டும், கூட்டத்தை முடிக்காமல் எஞ்சியவர்களோடு அதே விடயத்தைப் பேசி, பேசியதை ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எழுத்தில் வெளியிடுங்கள். மருத்துவத் தேவைக்கான கடப்பைத் தனி ஏற்பாடாக்கி, அதன் தாளில் "எல்லை" என்றோ "நிர்வாக எல்லைக்கோடு" என்றோ எச்சொல்லும் இடம்பெறாதவாறு, கடவைகளின் ஊர்ப்பெயர்களை மட்டுமே எழுதுங்கள். கண்காணிப்பாளர்கள் நடத்தும் நேரடித் தொலைபேசி இணைப்பு நோயாளர்கள் கோட்டைக் கடந்துசெல்ல முன்பே உதவியிருக்கிறது. கோட்டோரச் சம்பவங்களைப் பேசித் தீர்க்க இரு தரப்பும் கூடி வந்து, 2018 முதல் நின்றுபோயிருக்கும் காலி மாவட்டச் சந்திப்புகளை அந்த ஒரு விடயத்துக்காகவாவது மீண்டும் கூட்டுங்கள். பேச்சுகளை வேறு நாட்டுக்கு மாற்ற வேண்டும் என்ற ரஷ்யாவின் கோரிக்கைக்காக அடுத்த சுற்று தள்ளிப்போக விடாதீர்கள்.

அடுத்த சுற்றுக்கு முன்னர், இடம்பெயர்ந்தவர்களில் சிலரையும் காலி மாவட்டத்தவர் சிலரையும் ஜெனீவாவுக்கு அழைத்து, எந்தக் கொடியும் வைக்காத ஓர் அறையில் அரைநாளேனும் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஜெனீவாவில் வாழும் ஈழத்தமிழன் ஒருவன்