வந்து சேராத கடிதம்

கல்லடி

அன்பு மச்சான்,

சுகமா? தங்கச்சியும் பிள்ளைகளும் எப்படி? இங்கே குறையில்லை. முழங்கால்தான் பாலத்தின் நடுவில் வந்ததும் மக்கர் பண்ணும்.

பின்னேரத்தில் எனக்குப் பாலத்தில் என்ன வேலை என்று கேட்பாய். டவுனில் ஆங்கில வகுப்புக்குப் போகிறேன். சிரிக்காதே. வாங்கில் பக்கத்தில் இருப்பவன் பேரன் வயதுப் பெடியன். இப்போது ரோமியோ ஜூலியட் நடக்கிறது.

ஜூலியட் மாடத்தில் நின்று "ரோமியோ, நீ எங்கே?" என்று தேடுகிறாள் என்றுதானே நாம் நினைத்திருந்தோம்? இல்லையாம். அந்தப் பழைய சொல்லுக்கு 'ஏன்' என்றுதான் அர்த்தம். நீ ஏன் போயும் போயும் பகைவீட்டுப் பிள்ளையாக இருக்கிறாய் என்று நோகிறாள். அவளுக்கு 14 வயதுகூட நிரம்பவில்லை. ஞாயிறு சந்திப்பு, திங்கள் கல்யாணம், வியாழன் விடியுமுன் இரண்டு பேரும் பிணம். 1562இல் வந்த ஆங்கிலப் பாட்டுக்கதையில் மாதக்கணக்காக நடந்ததை ஷேக்ஸ்பியர் ஒரு கிழமைக்குள் அடக்கிவிட்டார்.

முதல் பாட்டிலேயே இருவரும் சாகப்போவதைச் சொல்லிவிடுகிறார். "அப்ப மிச்சத்தை என்னத்துக்குப் படிக்கிற?" என்று பெடியன் முணுமுணுத்தான். அபிமன்யு சாவான் என்று தெரிந்துகொண்டேதானே நாம் கூத்துக் களரியைச் சுற்றிப் பாய் விரித்து விடியுமட்டும் இருந்தோம்! காரைதீவு விபுலானந்த அடிகள் 1926இலேயே மதங்க சூளாமணி என்ற நூலில் ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு சேர்த்துப் பார்த்திருக்கிறார். நாம் அடிகள் விழாவுக்கு வரிசையில் நின்றதோடு சரி.

உனக்கு எழுதத் தோன்றியது வேறு ஒன்றுக்காக. ஜூலியட் குடித்தது 42 மணித்தியாலம் செத்தவள்போல் கிடக்கவைக்கும் மருந்து. அதைச் சொல்லி லாரன்ஸ் பாதிரியார் மாந்துவா நகரில் இருக்கும் ரோமியோவுக்குக் கடிதம் கொடுத்துவிடுகிறார். கொண்டுபோன ஜோன் பாதிரியார் துணைக்கு ஆள் கூப்பிட ஒரு வீட்டுக்குள் போக, கொள்ளைநோய் வீடு என்று சந்தேகித்து நகரக் காவலர் கதவை அடைத்து முத்திரை வைத்துவிடுகிறார்கள். கடிதத்தைத் திருப்பி அனுப்பக்கூட ஆள் கிடைக்கவில்லை, தொற்றுப் பயம். 2020 ஊரடங்கைக் கண்ட பெடியன்களுக்கு அது உடனே விளங்கியது. உண்மைச் சேதி பூட்டிய வீட்டுக்குள். ஜூலியட் செத்துவிட்டாள் என்ற பொய்ச் சேதி குதிரையேறிப் போய்விட்டது.

யார் குற்றம் என்று ஆசிரியர் கேட்டார். குடும்பப் பகை, விதி, ரோமியோவின் அவசரம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் வாய் திறக்கவில்லை. எனக்கு 1990 சண்டைக்காலம் வந்து நின்றது. உன் அப்பாவின் செத்தவீட்டுக்கு நான் வரவில்லை என்று இரண்டு வருஷம் நீ என்னோடு கதைக்கவில்லை. பாதை பூட்டி, கொண்டுவந்த ஆள் வழியில் மாட்டுப்பட்டு, உன் கடிதம் என் கைக்கு வந்தபோது 31ஆம் நாளும் முடிந்திருந்தது. அதைச் சொல்ல நான் எழுதினேனே, அது உனக்குக் கிடைக்கவே இல்லை. நேரில் சொன்னபோதும் நீ பாதிதான் நம்பினாய், எனக்குத் தெரியும்.

ஜோன் பாதிரியாரின் கடிதம் மாட்டுப்பட்ட இடத்தைப் புத்தகத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். திருக்கோவில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு வரும்போது கொண்டுவருகிறேன், நீயே பார்.

இதைத் தபாலில்தான் போடுகிறேன். கிடைத்ததும் ஒரு மிஸ்ட் கோல் அடி.

உன் பழைய வாங்குக் கூட்டாளி