ரேட்டிங் குறைந்துவிடுமாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வெற்றியாளர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள், ஆனால் படித்து முடித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. காரணம் என் பையன்.

அவன் இணையத்தில் செஸ் ஆடுவான். ஏழு மாதத்துக்கு முன் ஒருநாள் ரேட்டிங், அதாவது ஜெயித்தால் ஏறி தோற்றால் இறங்கும் அந்தப் புள்ளி, 1500-ஐத் தொட்டது, வீடே அதிரக் கத்தினான், அதோடு சரி, அன்றிலிருந்து ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஏனடா என்று கேட்டால் "தோத்தா குறைஞ்சிடும்பா" என்கிறான். அவ்வப்போது கணக்கைத் திறந்து அந்த எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறான். தோற்றவன் மனம் உடைவது நமக்கெல்லாம் தெரிந்த கதை, அதைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. ஜெயித்தவன் பயந்துபோய் ஆட்டத்தையே விட்டுவிடுவதை நான் இப்போதுதான் பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

முதலிடம் ஒன்றுக்குத்தான் மதிப்பு என்று ஆக்கிவிட்டால் ஏமாற்றுவதும் ஒரு வழியாகிவிடுகிறது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 9.79 விநாடியில் ஓடிய கனடா வீரர் பென் ஜான்சனின் தங்கம், ஊக்கமருந்து எடுத்ததால் மூன்றே நாளில் பறிபோனது பலருக்கு நினைவிருக்கும். அதே ஓட்டத்தில் ஓடிய எட்டுப் பேரில் ஆறு பேரின் பெயர் முன்னே பின்னே ஊக்கமருந்து விவகாரத்தில் அடிபட்டது என்பதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஒருவரை வில்லனாக்கிவிட்டு நாம் கைதட்டப் போய்விட்டோம்.

இதைவிட என்னை உறுத்துவது அமெரிக்காவில் அட்லாண்டா பள்ளிகளில் நடந்தது. தேர்வு மதிப்பெண் இவ்வளவு உயர்ந்தே ஆகவேண்டும் என்று இலக்கு வைத்தார்கள், எட்டாவிட்டால் வேலைக்கே ஆபத்து என்ற நெருக்கடி. ஆசிரியர்களே உட்கார்ந்து பிள்ளைகளின் தவறான விடைகளை அழித்துச் சரியாக்கியிருக்கிறார்கள். 2011-ல் வெளியான விசாரணை அறிக்கையில் 44 பள்ளிகள், 178 ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் என்று கணக்கு வந்தது. இதில் யாருக்கு நஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். சரியாக வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குத் தாளில் நல்ல மதிப்பெண் இருக்கிறது, அப்புறம் அதற்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க யார் வருவார்கள்?

இரண்டாமிடத்தின் கதை தனி. 1992 பார்சிலோனா ஒலிம்பிக் வீரர்களின் முகங்களை வைத்து உளவியலாளர்கள் ஆராய்ந்தபோது, வெள்ளி வாங்கியவர்களைவிட வெண்கலம் வாங்கியவர்களே சந்தோஷமாகத் தெரிந்தார்களாம். உலகத்திலேயே இரண்டாவது ஆள்! அவருக்கும் கைக்கு வந்ததைவிட நழுவியதுதான் பெரிதாகத் தெரிகிறது.

போட்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை, போட்டி இல்லாத ஆட்டத்தைப் பார்க்க எனக்கும் பிடிக்காது. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் கத்தாரின் பார்ஷிமும் இத்தாலியின் தம்பேரியும் 2.37 மீட்டரில் சமமாக நின்று, தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். 2024-ல் பாரிஸில் அதே நிலையில் நின்ற இருவர், மீண்டும் தாண்டியே முடிவு செய்துகொள்வோம் என்றார்கள். இரண்டும் அருமையாகத்தான் இருந்தன. ஜெயிக்க நினைப்பது வேறு, ஜெயிக்காவிட்டால் நான் ஒன்றுமே இல்லை என்று நினைப்பது வேறு. பாரிஸில் மீண்டும் தாண்டிய அந்த இருவரிடம் இருந்தது முதலாவது என்று எனக்குத் தோன்றுகிறது. என் பையனிடம் இருப்பது இரண்டாவது, அதை அவனுக்குக் கற்றுக்கொடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு. 1500 வந்த அன்று அதைப் படமெடுத்து உறவினர் எல்லோருக்கும் அனுப்பியது நான்தான்.

உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை. அடுத்த முறை ஏதாவது போட்டியின் முடிவைப் போடும்போது ஏழாவதாகவோ எட்டாவதாகவோ வந்த ஒருவரிடமும் நாலு வார்த்தை கேட்டுப் போடுங்கள். அடுத்த போட்டிக்கும் வருவாரா, ஏன் வருகிறார் என்று கேளுங்கள். அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டி வைத்து அவனிடம் காட்ட ஆசை.

இப்படிக்கு,
ஒரு வாசகன்