பிஸ்கட் டின்னில் கிடந்த ஒன்பது தோட்டாக்கள்

பேச்சிப்பாறை, கடையாலுமூடு, அருமனைப் பக்கங்களில் பன்றி விரட்ட லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும், அவர்கள் வீட்டு அக்காமாருக்கும்,

வணக்கம். நான் ஒரு ரப்பர் விளைக்காரரின் மகள். அப்பா காலமானதும் அவருடைய 12 போர் (போர் என்றால் குழலின் துளை அளவு) துப்பாக்கியை முறைப்படி துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்தோம். தோட்டா ஒருவர் நினைவிலும் வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து, ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது, தம்பி மகன் ஒரு பிஸ்கட் டின்னைக் கிலுகிலுப்பை மாதிரி ஆட்டிக்கொண்டு வந்தான். திறந்தால், ஆணிகளுக்கு நடுவே ஒன்பது தோட்டாக்கள். எட்டு சிவப்பு, ஒன்று மஞ்சள். பித்தளை அடியெல்லாம் பச்சைக் களிம்பு. பிள்ளைக்கு வயசு ஏழு. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

தோட்டாவின் அடியில் நடுவே இருக்கும் சின்ன வட்டம்தான் கேப்பு. அதில் அடி விழுந்தால் உள்ளே இருக்கும் வெடிமருந்து பற்றும். குழலுக்கு வெளியே வெடிக்கும் தோட்டாவின் ரவை, அதாவது உள்ளே இருக்கும் சின்னக் குண்டுகள், தூரம் பாயாது என்பது உண்மைதான். ஆனால் தெறிக்கும் கூட்டின் சில்லு போதும், ஒரு கண்ணைப் பறிக்க.

அதைவிட என்னைப் பயமுறுத்தியது அந்த மஞ்சள் தோட்டா. அது 20 போர்; எண் பெரிசானாலும் 12 போரைவிட ஒல்லியான தோட்டா. ஒப்படைக்கப் போனபோது கடைக்காரர், வெடித்துத் தீர்ந்த ஒரு 20 போர் கூட்டை எடுத்து 12 போர் குழலுக்குள் நழுவ விட்டார். சத்தமே இல்லாமல் உள்ளே போய், தோட்டா அறையைத் தாண்டி மாட்டிக்கொண்டது. பின்னாலிருந்து பார்த்தால் அறை காலி. "சுடலியே"ன்னு நினைத்து அதன் பின்னால் ஒரு 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே பிளக்கும்; பிடித்திருக்கும் கையும் போகும். 20 போருக்கு மஞ்சள் நிறம் கொடுப்பதே இதற்காகத்தான். இரண்டையும் ஒரே டின்னில் போடாதீர்கள், ஒரே சட்டைப் பையிலும் போடாதீர்கள்.

நம் ஊருக்கென்று இன்னொரு ஆபத்து உண்டு. ரப்பர் பால் உறையாமல் இருக்க அம்மோனியா ஊற்றுகிறோம் அல்லவா, அதே அம்மோனியா பித்தளைக்கு எமன். வெள்ளைக்காரர் காலத்தில் இந்தியாவில், மழைக்காலம் குதிரை லாயங்களில் கிடந்த தோட்டாக் கூடுகள் தாமாகவே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாதான் காரணம் என்று 1921இல் ஆராய்ந்து சொன்னார்கள். ஆகவே பால் கேன் பக்கம் வேண்டாம், மாட்டுத் தொழுவம் வேண்டாம், சூடேறும் புகைப்புரை வேண்டவே வேண்டாம். தோல் பெல்ட்டில் செருகி வைத்தாலும் தோலில் உள்ள அமிலம் பித்தளையில் களிம்பு ஏற்றும். பளபளக்க வேண்டும் என்று பாலிஷ் போடாதீர்கள்; சில பாலிஷிலும் அம்மோனியா உண்டு. எண்ணெயும் தடவாதீர்கள், கேப்புக்குள் இறங்கி மருந்தைக் கெடுக்கும்.

வாங்கி வந்த அட்டைப் பெட்டியிலேயே இருக்கட்டும். போரும் ரவை அளவும் அதில்தான் அச்சிட்டிருக்கும். இரண்டு மழையும் கொட்டுகிற ஊர் இது. வீட்டுக்குள் ஈரம் அண்டாத அலமாரியில், துப்பாக்கி இருக்கும் இடத்தை விட்டு வேறு பூட்டில் வையுங்கள். சாவி லைசென்ஸ்காரர் கையில் மட்டும். உப்பியது, களிம்பேறியது, கேப்பில் தழும்பு விழுந்தது எதையும் "ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்று சுடாதீர்கள். விசை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால், குழலை ஆளில்லாத பக்கம் பிடித்தபடி அரை நிமிடமாவது பொறுங்கள். மருந்து தாமதமாகப் பற்றுவதும் உண்டு.

கெட்டுப்போனதைக் கிணற்றில் எறிவதும், குழி தோண்டிப் புதைப்பதும், அடுப்பில் போடுவதும் நம் பக்கம் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். லைசென்ஸ் முடிந்தாலோ, லைசென்ஸ்காரர் இறந்தாலோ, துப்பாக்கியைப் போலத் தோட்டாவையும் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. வாரிசுகளான நமக்கும் அந்தப் பொறுப்பு உண்டு.

தேர்தல் நேரத்தில் ஸ்டேஷனில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுத் தோட்டாவை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இரண்டையும் சேர்த்தே கொண்டுபோங்கள். ரசீதில் தோட்டாவின் எண்ணிக்கையையும் எழுதச் சொல்லி வாங்கி, அதை லைசென்ஸ் புத்தகத்துக்குள்ளேயே வையுங்கள்.