வேத வாசிப்புச் சங்கம்: செயலரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய சபைப் போதகர் ஐயரவர்களுக்கும், சங்கத் தலைவர் அவர்களுக்கும், சபையார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இன்னொரு வருடத்தைக் காணச்செய்த கர்த்தருக்கு நன்றி சொல்லி இந்த அறிக்கையை வாசிக்கிறேன்.

சென்ற ஆண்டுக்கூட்டத்தில் நாம் எடுத்த தீர்மானம், ஒரே வருடத்தில் வேதாகமம் முழுவதையும் வாசித்து முடிப்பது. மொத்தம் 1,189 அதிகாரங்கள். வாரநாளில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று போனால் கணக்கு சரியாக வந்துவிடும். அட்டை அச்சடித்து வீடுவீடாகக் கொடுத்தோம். ஆதியாகமம் கதை போல ஓடியது. செங்கடலைத் தாண்டும்வரை எல்லாரும் கூடவே வந்தார்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் தொழுத ஆசரிப்புக்கூடாரத்தின் முழக்கணக்கு வந்ததும் சிலர் பின்தங்கினார்கள். ஜனவரிக் கடைசியில், பலிமுறைகளும் சட்டங்களும் நிறைந்த லேவியராகமம். பிப்ரவரி நடுவில், அட்டையில் டிக் அடித்துக்கொண்டிருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

என்ன காரணம் என்று வீடுகளுக்குப் போய்க் கேட்டோம். லேவியராகமம் புரியவில்லை என்றவர்கள் கொஞ்சம்பேர்தான். மற்றவர்கள் சொன்னது பாக்கி. கல்யாண வீடு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நாலு நாள் விட்டுப்போனால் பன்னிரண்டு அதிகாரம் நிற்கிறது. மறுநாள் உட்காரும்போது அது பதினைந்து. "கடன்காரன் வீட்டு வாசலத் தாண்டிப் போற மாதிரி பைபிள் இருக்கிற அலமாரியத் தாண்டிப் போனேன்" என்று ஒரு அம்மா சொன்னார்கள். அந்த வார்த்தை எனக்கு ராத்திரி தூக்கம் வரவிடவில்லை. வேதத்தை ஆசையாய்த் தேடவேண்டியவர்களுக்கு நாம் ஒரு பாரத்தைத் தூக்கிக் கொடுத்திருக்கிறோம்.

மார்ச் மாதச் செயற்குழுவில் திட்டத்தை மாற்றினோம். புதிய ஏற்பாடு மட்டும், ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம். 260 அதிகாரங்கள், ஏப்ரல் 1-ல் தொடங்கினால் டிசம்பர் 16-ல் முடியும். விட்டுப்போன நாள் போகட்டும், அன்றைக்குரிய அதிகாரத்தை வாசித்தால் போதும். அப்புறம், இத்தனை மணிக்கு என்று யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. வீட்டில் தினமும் எப்படியும் நடக்கிற ஒரு காரியத்தோடு சேர்த்துக்கொள்ளச் சொன்னோம். விடியற்காலம் ஐந்து மணிக்கு எழுந்திருப்பேன் என்று தீர்மானம் செய்தவர்களைவிட, காலைக் காப்பிக்கு முன்னால் என்று வைத்துக்கொண்டவர்களே நிலைத்து நின்றார்கள்.

ஏப்ரல் முதல் தேதி சாயங்காலம் நான் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு பாட்டி, எழுத்து வாசிக்கத் தெரியாது. ஏழாம் வகுப்புப் பேரன், பரீட்சை நேரம் வேறு, மத்தேயு முதல் அதிகாரத்தை விரலை வைத்து வைத்து வாசிக்கிறான். வெறும் வம்ச அட்டவணை. பெயருக்குப் பெயர் நாக்கு தடுக்குகிறது. "போவாஸ் ஓபேதை ரூத்தினிடத்தில்" என்று வந்ததும் பாட்டி அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். "ஏலே, நில்லு. ரூத்துன்னா மாமியார விட்டுப் போகமாட்டேன்னு நின்னாளே, அவளா?" பையன் பக்கத்தைப் புரட்டித் தேட ஆரம்பித்தான். அன்றைக்குப் பாதி அதிகாரம்தான் வாசித்தார்கள். நான் அட்டையில் முழு டிக் போட்டேன்.

செல்போனில் ஒலி வேதாகமம் கேட்பது வாசிப்பில் சேருமா என்ற கேள்வியும் வந்தது. பீடித்தட்டை மடியில் வைத்திருக்கும் சகோதரிகளுக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கிறது, காது மட்டும்தான் சும்மா இருக்கிறது. விசுவாசம் கேள்வியினால் வரும் என்று பவுலே எழுதியிருக்கிறாரே. சேரும் என்று முடிவு செய்தோம்.

சங்க ஆண்டுவிழாவில் ஐயரவர்கள் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் ஐயரைப் பற்றிப் பேசினார்கள். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, இங்கே பிள்ளைகளோடு மணலில் எழுதித் தமிழ் படித்தவர். 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. இந்திய மொழிகளில் அதுதான் முதல். 1719-ல் அவர் மரித்தபோது பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம்வரைக்கும் மொழிபெயர்த்திருந்தார். ரூத் என்றதும் நான் அந்தப் பாட்டியைத் திரும்பிப் பார்த்தேன். அவர்களும் பேரனைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளைகளுக்கான வேதாகமத் தேர்வு வழக்கம்போல் நடந்தது. பரிசுக்காக மட்டும் மனப்பாடம் செய்கிறார்களோ என்ற வருத்தம் எனக்கு உண்டு. அதைப் புதிய செயற்குழு யோசிக்கட்டும். கண் மங்கியவர்களுக்குப் பெரிய எழுத்து வேதாகமங்கள் வாங்கிக் கொடுத்தோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

டிசம்பர் 16-ல் வெளிப்படுத்தின விசேஷம் முடிந்தது. அடுத்த நாள் முதல் நாலு நாளும் ரூத்தின் நாலு அதிகாரங்களை வாசித்தோம். அதைக் கேட்டது யார் என்று உங்களுக்கே தெரியும்.

வருகிற ஜனவரி முதல் பழைய ஏற்பாடு, அதே ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம். 929 அதிகாரங்கள், இரண்டரை வருடத்துக்கு மேல் ஆகும். ஆகட்டும். லேவியராகமம் ஏப்ரல் முதல் தேதி வரும்; அந்த மாதம் முழுவதும் புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் அதை விளக்கித்தர ஐயரவர்கள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். புதிய அட்டைகள் வாசலில் இருக்கின்றன, வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி சபையாரைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

கர்த்தருடைய பணியில்,
செயலர்