குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமாக இந்த அறிக்கை தெருவிளக்கில் தொடங்கி வடிகாலில் முடியும். இந்த முறை அவை இரண்டும் கடைசிக்குப் போய்விட்டன. செயற்குழு கூடிய கூட்டங்களில் பாதிக்கு மேல் ஒரே பொருளைத்தான் பேசியது: பிரதான சாலையில் மாநகராட்சி அமைக்க நினைக்கும் தனி சைக்கிள் பாதை. ஆகவே அறிக்கையிலும் பெரும்பகுதி அதுவே.

திட்டம் என்ன என்பதை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கூட்டத்துக்குக் கூட்டம் அது வெவ்வேறு விதமாகச் சொல்லப்பட்டுவிட்டது. சாலையின் ஓரத்தில் சைக்கிளுக்கு மட்டும் ஒரு தடம். அதற்கும் வண்டிகள் ஓடும் பகுதிக்கும் நடுவே வெறும் வெள்ளைக்கோடு இருக்காது, தடுப்புக்கட்டை இருக்கும். இதற்காக ஒரு வரிசை கார் பார்க்கிங் போகும். பஸ் நிறுத்தங்கள் இடம் மாறும். குறுக்குத் தெரு ஒன்றில் வலப்பக்கம் திரும்ப முடியாது. இவ்வளவுதான். சாலையை முழுக்க மூடப்போகிறார்கள் என்று சொன்னவர்களும் தவறு, ஒரு கார்கூட இடத்தை இழக்காது என்று சொன்னவர்களும் தவறு.

என் நிலையையும் மறைக்க விரும்பவில்லை. நான் பல ஆண்டுகளாகச் சைக்கிளில் போகிறவன். முதல் கூட்டத்தில் நான்தான் எழுந்து, "எனக்கு இந்தப் பாதை தேவையில்லை, சாலையே என் பாதை" என்றேன். பெரிய புரட்சி பேசிவிட்டதாக நினைப்பு. அப்புறம் படித்துப் பார்த்தால் இந்த வாதம் 1934-லேயே பேசி முடிக்கப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் லண்டனின் வெஸ்டர்ன் அவென்யூவில் பிரிட்டனின் முதல் தனி சைக்கிள் தடத்தைப் போக்குவரத்து அமைச்சர் ஹோர்-பெலிஷா திறந்துவைத்தார். சுமார் 4 கிலோமீட்டர். அதைக் கடுமையாக எதிர்த்தவர்கள் யார் என்றால் சைக்கிள்காரர்களின் சங்கமே. தனித் தடம் கொடுத்துவிட்டால் நாளைக்குச் சாலையிலிருந்தே நம்மை விரட்டிவிடுவார்கள் என்பது அவர்கள் பயம். பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் என்னைப்போல் லாரிக்குப் பக்கத்தில் துணிந்து போகிறவன் எப்படியும் போய்விடுவான். எட்டு வயதுப் பிள்ளையும் அறுபது வயதில் மறுபடி சைக்கிள் பழகுகிறவரும் போகமாட்டார்கள். பாதை அவர்களுக்கானது. எனக்குத் தேவையா என்று பார்த்து நான் பேசியது தப்பு. அந்தப் பேச்சைக் குறிப்பேட்டிலிருந்து நீக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

இனி பிரசாரம். ஆதரவுத் துண்டறிக்கையும் எதிர்ப்புத் துண்டறிக்கையும் ஒரே நாளில் நம் வாசலுக்கு வந்தன. இரண்டிலும் ஒரே சாலையின் படம். ஒன்று பள்ளி விடும் நேரத்தில் எடுத்தது, வண்டிகளுக்கு நடுவே பிள்ளைகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நிற்கிறார்கள். மற்றது நடுப்பகலில் எடுத்தது, சைக்கிள் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. "யாருக்காக இந்தப் பாதை?" என்று அதில் கேள்வி. இரண்டு படமும் உண்மைதான். எந்த நேரத்தில் எடுத்தது என்பதை மட்டும் இரு தரப்பும் போடவில்லை.

கையெழுத்து இயக்கமும் இரண்டு. இரு பட்டியல்களையும் சங்க அலுவலகத்தில் ஒப்படைத்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சில பெயர்கள் இரண்டிலும் இருந்தன. ஒரு மூத்த உறுப்பினரிடம் கேட்டேன். "வாசல்வரை வந்து நிற்கிறவர்களிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?" என்றார். இதற்குப் பிறகு கையெழுத்து எண்ணிக்கையை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்று செயற்குழு தீர்மானித்தது. இந்த ஆண்டு எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறிய ஒரே தீர்மானம் இதுதான்.

வியாபாரிகளின் கவலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். "வாசலில் கார் நிற்காவிட்டால் கடைக்கு யார் வருவார்?" என்று கேட்டார்கள். இதே கேள்வி பல ஊர்களில் கேட்கப்பட்டு, சில இடங்களில் அளந்தும் பார்க்கப்பட்டிருக்கிறது. பிரிஸ்டல் நகரத்தில் 2006-ல் கடைக்காரர்களிடம் வாடிக்கையாளரில் எத்தனை பேர் காரில் வருகிறார்கள் என்று கேட்டபோது 41 சதவீதம் என்றார்கள். வாடிக்கையாளர்களையே கேட்டுப் பார்த்தால் 22 சதவீதம். காரில் வந்து, நிறுத்த இடமில்லை என்று புலம்புகிற ஒருவர் மனதில் நிற்கிறார். நடந்து வந்து வாங்கிவிட்டுப் பேசாமல் போகிற பத்துப் பேர் நிற்பதில்லை. டொரான்டோவின் ப்ளூர் தெருவில் 2016-ல் சோதனையாகச் சைக்கிள் தடம் போட்டு, முன்னும் பின்னும் கணக்கெடுத்தார்கள். வாடிக்கையாளர் வருகையும் செலவும் கூடியிருந்தன. 2017 நவம்பரில் அதை நிரந்தரமாக்கினார்கள்.

இதை நான் படித்துக் காட்டியபோது ஆதரவுத் தரப்பு கை தட்டியது. தட்டாமல் இருந்திருக்கலாம். ஏனென்றால் உடனே ஒரு வியாபாரி எழுந்து, "தெரு முழுவதும் சராசரியாகக் கூடியது சரி. என் கடைக்குச் சரக்கு இறக்கும் வண்டி எங்கே நிற்கும்?" என்றார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை. மாநகராட்சி வரைபடத்திலும் இல்லை. கனமான பொருள் விற்கிறவருக்கு வாடிக்கையாளர் காரில் வருகிறாரா நடந்து வருகிறாரா என்பது பிரச்சினையே இல்லை, வண்டி வாசலுக்கு வர வேண்டும். சரக்கு இறக்கத் தனி இடமும் நேரமும் ஒதுக்க வேண்டும் என்பது நம் மனுவில் முதல் கோரிக்கையாக ஏறியது அவரால்தான். அவர் எதிர்ப்புத் தரப்பு.

"நெதர்லாந்தில் எல்லோரும் பிறவியிலேயே சைக்கிள்காரர்கள், நம்மோடு ஒப்பிடாதீர்கள்" என்ற வாதமும் அடிக்கடி வந்தது. அங்கேயும் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் காருக்காகச் சாலைகளை அகலப்படுத்தி, சைக்கிளை ஓரங்கட்டினார்கள். 1971-ல் சாலை விபத்தில் இறந்தவர்கள் 3,000-க்கு மேல், அதில் குழந்தைகள் 400-க்கு மேல். அப்புறம்தான் "குழந்தைக் கொலையை நிறுத்து" என்ற பெயரில் பெற்றோர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1973 எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. எழுபதுகளின் நடுவில் தி ஹேக், டில்பர்க் நகரங்களில் மாதிரிப் பாதைகள் போட்டபோது தி ஹேக் கடைக்காரர்களும் எதிர்த்தார்கள், நம்மவர்களைப் போலவே.

ஆதரவுத் தரப்புக்குக் கசக்கிற பாடமும் அதே கதையில் இருக்கிறது. அந்த மாதிரிப் பாதைகளில் சைக்கிள்கள் கூடின, ஆனால் பெரும்பாலானவை பக்கத்துத் தெருக்களிலிருந்து இடம் மாறி வந்தவை. ஒற்றைப் பாதை மட்டும் போட்டால் புதிதாகச் சைக்கிள் ஏறுகிறவர்கள் அவ்வளவாக வருவதில்லை. பாதைகளைப் பின்னிப் பிணைத்து வலையாக்கினால் பயன் தெரியும் என்று டெல்ஃப்ட் நகரத்தில் அடுத்து முயன்றார்கள். ஸ்பெயினின் செவில் நகரமும் 2006 வாக்கில் தொடங்கி, சுமார் 80 கிலோமீட்டரை ஒன்றோடொன்று இணைத்துப் போட்ட பிறகுதான் அங்கே சைக்கிள் பெருகியது. நமக்குக் காட்டப்பட்ட வரைபடத்தில் பாதை பெரிய சந்திப்புக்கு முன்னால் சட்டென்று நின்றுவிடுகிறது. "பாதை முடிகிறது" என்று ஒரு பலகை. பிள்ளை அங்கே வந்து என்ன செய்யும், பறக்குமா?

நான் சொல்ல நினைப்பதும் அந்த இடத்தைப் பற்றித்தான். ஆண்டு முழுக்க நாம் சண்டை போட்டது நேராகப் போகிற சாலைத் துண்டைப் பற்றி. ஆபத்து அதிகம் சந்திப்பில். நேராகப் போகிற சைக்கிளை, திரும்புகிற வண்டி கவனிக்காமல் இடிப்பது அங்கேதான். தடுப்புக்கட்டை சந்திப்பில் இருக்க முடியாது, வண்டி திரும்ப வேண்டுமே. முனையில் ஒரு திட்டு கட்டி, வண்டியை மெதுவாகத் திரும்ப வைக்கலாம். நிறுத்தக் கோட்டை மாற்றலாம். சிக்னலில் சைக்கிளுக்குத் தனி நேரம் தரலாம். இவை எல்லாம் தெரிந்த வழிகள். நம் துண்டறிக்கைகள் எதிலும் சந்திப்பு என்ற சொல்லே வரவில்லை, இரண்டையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

பஸ் நிறுத்தமும் அப்படியே. பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் இடையில் சைக்கிள் தடம் ஓடினால் பயணி அதைக் கடந்துதான் ஏற வேண்டும். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நம் உறுப்பினர், பார்வையற்றவர், பேசியதை வந்திருந்தவர்கள் மறக்கமாட்டீர்கள். "பஸ் சத்தம் எனக்குக் கேட்கும். சைக்கிள் சத்தம் கேட்காது. என் கைத்தடிக்கு நடைபாதை எங்கே முடிகிறது, தடம் எங்கே தொடங்குகிறது என்று தெரிய வேண்டும்" என்றார். அரங்கம் அமைதியாக இருந்தது. மறுநாளே எதிர்ப்புத் தரப்பினர் அவர் படத்தைச் சுவரொட்டியில் போடலாமா என்று கேட்டார்களாம். "நான் பாதை வேண்டாம் என்று சொல்லவே இல்லையே" என்று மறுத்துவிட்டார். ஆதரவுத் தரப்பினர் அவர் வீட்டுக்குப் போய்ச் சமாதானம் சொல்ல முயன்றார்கள். அவருக்கு வேண்டியது சமாதானம் அல்ல, தொட்டுணரும் தரைக்கல்லும் கடக்கும் இடத்தில் உயர்த்திய தளமும். அதைத்தான் மனுவில் அவரே சொல்லச் சொல்ல எழுதினோம்.

இதற்கிடையில் மாநகராட்சியிலிருந்து வந்த வரைபடத்தில் அகலங்கள் தெளிவாக இல்லை. கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை, நினைவூட்டுக் கடிதத்துக்குப் பழைய வரைபடமே மறுபடி வந்தது. சரி, நாமே அளந்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் போனோம். ஒவ்வொரு தரப்பிலிருந்தும் இரண்டு பேர் வர வேண்டும் என்பது என் நிபந்தனை. நாடாவின் ஒரு முனையை ஆதரவாளர் பிடிக்க, மறுமுனையை எதிர்ப்பாளர் பிடிக்க, நான் எழுதிக்கொண்டேன். ஒப்பிட்டுப் பார்க்க பிரிட்டன் 2020-ல் வெளியிட்ட வடிவமைப்பு வழிகாட்டி இருந்தது. சைக்கிள் போக்குவரத்து குறைவாக உள்ள ஒருவழித் தடத்துக்கு 2 மீட்டர் இருப்பது நல்லது, மிக நெருக்கடியான இடத்தில் 1.5 மீட்டர் என்கிறது அது. நிற்கிற காருக்குப் பக்கத்தில் தடம் வந்தால் கதவு திறக்கும் இடத்தையும் விட வேண்டும். அளந்து முடித்தபோது சாலையின் பெரும்பகுதியில் இடம் தாராளமாகவே இருப்பது தெரிந்தது. நெருக்கடி பஸ் நிறுத்தங்களிலும் சந்திப்பிலும் மட்டும்தான். திரும்பி வரும்போது நால்வரும் ஒன்றாகப் பேசிக்கொண்டே நடந்தார்கள். அடுத்த கூட்டத்தில் பழையபடி சண்டை போட்டார்கள் என்பது வேறு விஷயம், ஆனால் இந்த முறை சண்டை பஸ் நிறுத்தத்தைப் பற்றி.

"பாதை எப்போதும் காலியாகத்தானே கிடக்கும்" என்ற வாதத்துக்கும் ஒரு வரி. அமெரிக்க நகரப் போக்குவரத்து அதிகாரிகளின் அமைப்பான நாக்டோ கணக்கில், ஒரு கார் தடம் மணிக்கு 600 முதல் 1,600 பேரைக் கொண்டுபோகும், அதே அகலத்தில் இருவழி சைக்கிள் தடம் 6,500 முதல் 7,500 பேரை. நெரிசலில் நிற்கிற கார்கள் கண்ணில் படும், கடந்து போய்விட்ட சைக்கிள்கள் படாது. ஆனால் இது கொள்ளளவுதான். நம் சாலையில் உண்மையில் எத்தனை பேர் வருவார்கள் என்பதை இந்தக் கணக்கு சொல்லாது, அதை ஆதரவுத் தரப்பு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வருத்தமானவற்றையும் பதிவு செய்கிறேன். சுவரொட்டிகள் கிழிக்கப்பட்டன, இரு தரப்பினுடையதும். சங்கம் நடுநிலை எடுத்ததைக் கண்டித்து இரண்டு உறுப்பினர்கள் விலகினார்கள். ஒருவர் நாம் ஆதரவாகச் சாய்ந்துவிட்டோம் என்றும், மற்றவர் எதிர்ப்பாகச் சாய்ந்துவிட்டோம் என்றும் எழுதியிருந்தார். இரண்டு கடிதங்களும் கோப்பில் உள்ளன. ஒருவர் திரும்பி வந்துவிட்டார், இன்று கூட்டத்திலும் இருக்கிறார். மகிழ்ச்சி.

இப்போதைய நிலை இதுதான். நம் மனுவை மாநகராட்சி பெற்றுக்கொண்டது. கட்டைக்குப் பதில் வளைந்துகொடுக்கும் கம்பங்களை நட்டு, சில மாதங்கள் சோதனையாக நடத்திப் பார்ப்போம் என்று வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். சோதனை நல்லதே, பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். கழற்றுவதும் லேசல்ல என்பதற்கு டொரான்டோவின் ஜார்விஸ் தெரு இருக்கிறது. 2010-ல் போட்ட சைக்கிள் தடத்தை 2012-ல் அழிக்க வந்தபோது வண்டிக்கு முன்னால் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். சோதனை தொடங்குவதற்கு முன் எண்ணிக்கை எடுக்காவிட்டால் முடிவில் இரு தரப்பும் அவரவர் படத்தைக் காட்டிக்கொண்டு நிற்போம். ஆகவே இன்று உங்கள் முன் வைக்கும் தீர்மானம் பாதை வேண்டுமா வேண்டாமா என்பதைப் பற்றியது அல்ல. சைக்கிள், நடப்பவர், பஸ் பயணி, கடைக்கு வருகிறவர், சரக்கு வண்டி ஆகிய அனைவரையும் சோதனைக்கு முன் ஒரு வாரமும், நடுவில் ஒரு வாரமும், முடிவில் ஒரு வாரமும் எண்ண வேண்டும், காலை, மதியம், மாலை மூன்று வேளையும். எண்ணும் வேலையில் சங்க உறுப்பினர்கள் ஜோடி ஜோடியாக உட்காரலாம், ஒருவர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. பெயர் கொடுக்கும் தாள் வாசல் மேசையில் இருக்கிறது.

மற்றவை: அணைந்திருந்த தெருவிளக்குகள் எரிகின்றன, ஒன்றைத் தவிர. அது என் வீட்டு முன்னால் உள்ளது, ஆகவே செயலாளர் சலுகை பெற்றார் என்று யாரும் சொல்ல முடியாது. வடிகால் தூர்வாரல் பாதி முடிந்திருக்கிறது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை அளந்த நாடா சங்கத்துக்குச் சொந்தமானது. அந்த நால்வரில் யாரோ கையோடு எடுத்துப் போய்விட்டீர்கள், ஒருவரைக் கேட்டால் மற்றவரைக் காட்டுகிறீர்கள். சந்திப்பை மறுபடி அளக்க வேண்டியிருக்கிறது. கூட்டம் முடிவதற்குள் மேசையில் வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்